நாலாம் இலக்க வண்டியில் நான் கட்டிய நூல்

1

பழைய மாணவர்களின் இந்த மலரில் எழுதுகிறவர்கள் எல்லாரும் படித்தவர்கள். நான் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரைக்கும் படித்து, அதிலும் கணக்கில் தவறியவள். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் அழுதுவிடுவேன் என்று என்னோடு படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்படிப்பட்டவள் பேப்பரும் பேனையும் எடுத்து உங்களுக்கு எழுத வந்தது பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். மலர்க் குழுவில் இருக்கிற தோழி ரெலிபோனில் மூன்று தரம் கேட்டாள். “அவுஸ்திரேலியாவில இருபத்தி நாலு வருசம் இருக்கிறாய், ஒண்டுமே நடக்கேல்லையோ உனக்கு?” என்றாள். நடந்தது. போன ஆடி மாதம் நடந்தது. அதை எழுதுகிறேன்.

நாங்கள் சிட்னியில் டூங்கபியில் இருக்கிறோம். நான் செவன் ஹில்ஸில் ஒரு பொதி கட்டும் தொழிற்சாலையில் வேலை. காலை ஐந்தரை பஸ், மாலை மூன்றரை பஸ். கடையில் தமிழ், கோயிலில் தமிழ், தொழிற்சாலையில் கைச்சாடை. என் இங்கிலீசு “யேஸ்”, “தாங்க்யூ”, “சொறி” மூன்றுக்குள் அடங்கிவிடும். மூன்றிலும் “சொறி”தான் கூட.

எங்களுக்கு ஒரே பிள்ளை, மதுரா. இருபத்து மூன்று வயது. கணக்கியல் படித்து, பரமற்றாவில் ஒரு கந்தோரில் வேலையும் கிடைத்தது. ஒன்பது மாதம் போனாள். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், சோறு பிசைந்துகொண்டே, “அம்மா, நான் வேலையை விட்டிட்டன், ஸ்னோவுக்குப் போறன்” என்றாள்.

சிட்னியிலிருந்து தெற்கே பஸ்ஸில் ஏழு மணித்தியாலம் போனால் பனிமலை வரும். குளிர்காலத்தில் ஆட்கள் அங்கே சறுக்கி விளையாடப் போவார்கள். விழுவார்கள். கால் முறியும். அப்படி விழுந்தவர்களைப் போய்த் தூக்கிக்கொண்டு வருகிற குழுவில் இவள் சேர்ந்துவிட்டாள். பனியில் ஓடுகிற ஒரு வண்டி இருக்கிறது. ஸ்னோமொபைல் என்கிறார்கள். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் ரப்பர்ப் பட்டி, சத்தமோ மா மில் சத்தம். அதில் ஏறி, பின்னால் ஒரு தூக்குப் படுக்கையை இழுத்துக்கொண்டு மலையில் ஏறுவதும் இறங்குவதும் அவள் வேலை.

எனக்குப் பழி சொல்ல வேறு ஆளில்லை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தால் பனிமலைக்குக் கூட்டிப்போக ஒரு படிவம் வந்தது. நாலு பக்கம். நான் ஒரு பக்கமும் வாசிக்கவில்லை. “எங்க கையெழுத்து?” என்று கேட்டேன். அவள் விரலை வைத்துக் காட்டினாள். வைத்துவிட்டேன். அந்த நாலு நாள் போய் வந்தவள்தான், பிறகு வீட்டுக்குள் முழுதாக வரவில்லை என்று எனக்கு ஒரு எண்ணம்.

2

ஆடி மாதம் எனக்கு ஒரு கிழமை லீவு கிடைத்தது. “போய்ப் பாத்திட்டு வா, பாத்தால் பயம் தெளியும்” என்று இவர், மதுராவின் அப்பா, பஸ் ஏற்றிவிட்டார்.

ஆடி வெள்ளிக்குக் கோயிலில் ஐயரிடம் மதுராவின் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்து, ஒரு மஞ்சள் நூல் வாங்கிக் கைப்பையில் வைத்திருந்தேன். அவள் கையில் கட்டுவதுதான் என் எண்ணம். போய் இறங்கிய திங்கட்கிழமையே நீட்டினேன்.

“அம்மா, கையில ஒண்டும் கட்டேலாது. கிளவ்ஸ் போடோணும், ரூல்ஸ்.”

“மெல்லிய நூல்தானே பிள்ளை.”

“நோ, அம்மா.”

அவள் “நோ” சொல்லும்போது வாய் மட்டும்தான் அசையும், முகம் அசையாது. நான் நூலைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தேன்.

வேலையாட்கள் தங்குகிற விடுதியில் எனக்கு ஒரு சின்ன அறை எடுத்துத் தந்திருந்தாள். பல்கனியில் நின்றால் வண்டிகள் நிற்கிற கொட்டில் தெரியும். ஐந்து வண்டிகள் வரிசையாக. இவளுடையது நாலாம் இலக்கம்.

3

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு என்னைக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனாள். “வந்து பாருங்கோ, அப்பத்தான் உங்களுக்கு விளங்கும்.”

அங்கே கிரெக் என்று ஒரு பெரிய மனிதர், தாடியில் பனி ஒட்டியிருந்தது. அவர்தான் இவளுக்கு மேலே. என்னைக் கண்டதும், “மேடியின் அம்மா! கறி கொண்டு வந்தீர்களா?” என்று சத்தமாகக் கேட்டார். மதுராவை அங்கே மேடி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் “யேஸ், தாங்க்யூ, சொறி” என்று மூன்றையும் ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை.

மதுரா பையிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் அட்டை எடுத்தாள். தினமும் பார்த்துப் பார்த்து அதன் மூலைகள் தேய்ந்திருந்தன. ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்து, ஒவ்வொன்றாகச் செய்தாள். எனக்காகத் தமிழிலும் சொன்னாள்.

வண்டியைச் சுற்றி ஒரு நடை. கீழே பனியில் எண்ணெய் கசிந்த கறை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். ரப்பர்ப் பட்டியில் பனி இறுகியிருக்கிறதா என்று சப்பாத்தால் தட்டினாள். சறுக்குக் கட்டைகளைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பெற்றோல், ஒயில்.

“இப்ப இதுதான் பெரிய விசயம். எஞ்சின் ஸ்ராட் பண்ண முதல் செய்யோணும்” என்று வலப்பக்கக் கைப்பிடியைக் காட்டினாள். கைப்பிடி இரண்டுக்கும் குளிருக்காகத் தடித்த துணியில் உறை போட்டிருந்தார்கள், கை முழுக்க உள்ளே போகும். அதற்குள் பெருவிரலால் அமத்துகிற ஒரு சின்னத் தகடு. அதை அமத்தினால் வேகம். “அமத்திப்போட்டு விடோணும். தானாத் திரும்பி வரோணும். வராட்டி எஞ்சினைத் தொடக்கூடாது. தொட்டால், வண்டி நிக்காமல் ஓடும்.”

அமத்தினாள். விட்டாள். டிக் என்று திரும்பி வந்தது. இன்னொரு தரம். டிக்.



பிறகு பிறேக். பிறகு எஞ்சினை ஓடவிட்டுச் சிவப்புப் பொத்தானை அமத்தி நிற்பாட்டினாள். மறுபடி ஓடவிட்டு, ஜக்கெற்றில் கொழுவியிருந்த சுருட்டுக் கயிற்றை இழுத்தாள். ஓடுகிறவர் விழுந்தால் கயிறு கழன்றுவிடும், வண்டி நின்றுவிடும். லைற், பின்லைற், தலைக்கவசம். கடைசியாக வோக்கியில், எங்கே போகிறேன், எந்த வழியால் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று கந்தோருக்குச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் ஒருவர் அதைத் திருப்பிச் சொன்னார்.

“ஒவ்வொரு நாளும் இவ்வளவும் செய்யிறனியோ?”

“ஒவ்வொரு தரமும், அம்மா.”

ஏறிப் போய்விட்டாள். மலை வளைவில் மறைந்த பிறகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் இல்லை. கிரெக் என் கையில் ஒரு கோப்பை தேத்தண்ணி தந்தார். 

4

என் அண்ணாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

ஊரில் சண்டைக்குள் பொருளாதாரத் தடை இருந்த காலம் உங்களுக்குத் தெரியும். பெற்றோல் இல்லை. குழந்தைகளின் சூப்பிப் போத்தலால் இரண்டு துளி பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டச்சைக்கிள் ஓடுவோம். சாமான் மாற்ற வழியில்லை, எல்லாம் கம்பி கட்டி ஓடினதுதான். அண்ணாவின் எம்.டி. தொண்ணூறு மோட்டச்சைக்கிளில் அக்சிலேற்றர் வயர் துருப்பிடித்து இறுகியிருந்தது. முறுக்கினால் சுணங்கித்தான் திரும்பி வரும். எல்லாருக்கும் தெரியும். அம்மா சொன்னா, நான் சொன்னேன். “பிறகு பாப்பம்” என்றான்.

ஒரு நாள் “போட்டு வாறன்” என்று போனான். எந்த வழியால் என்று சொல்லவில்லை. வயர் இறுகி, வண்டி நிற்காமல், மதகில் அடித்தது. நாங்கள் பெரிய ரோட்டில் தேடினோம், அவன் வயல் ரோட்டில் கிடந்தான். ஆறு மணித்தியாலம். கண்டுபிடித்தபோது உயிர் இருந்தது. வலது கால் முழங்காலோடு போனது.

இப்போது கிளிநொச்சியில் கடை வைத்திருக்கிறான், பகிடி விடுகிறான், நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அன்றைக்குப் பிறகு நான் மோட்டச்சைக்கிளில் ஏறியதில்லை. காரில் போனாலும் சீற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருப்பேன், இவர் இன்றைக்கும் சிரிப்பார்.

இதை நான் மதுராவிடம் ஒருபோதும் முழுதாகச் சொன்னதில்லை. மாமாவுக்குச் சண்டையில் கால் போனது என்றுதான் அவள் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தாள். நான் திருத்தவும் இல்லை.

5

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலரைக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. மதுரா திரும்பி வந்து குளிக்கப் போயிருந்தாள். மற்றவர்கள் சாப்பாட்டு மண்டபத்தில். கொட்டிலில் ஒருவரும் இல்லை.

நான் நூலை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் தேசிக்காய்தான் நினைத்தேன். எங்கள் ஊரில் வண்டி வாங்கினால் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துத்தானே எடுப்போம். ஆனால் வெள்ளைப் பனியில் பச்சைத் தேசிக்காய் அரைக் கட்டை தூரத்துக்குத் தெரியும். நூல் என்றால் மறைத்துக் கட்டலாம்.

சந்தனம் கொண்டுபோயிருந்தேன். தண்ணீர் விட்டுக் குழைத்து, நூலை அதில் தோய்த்து, வலப்பக்கக் கைப்பிடியில் கட்டினேன். நல்ல காரியம் வலப்பக்கம்தானே. உறைக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமல், தடவித் தடவி மூன்று சுற்று. அந்தத் தகடு என் விரலில் பட்டது. அதைத் தொடாமல் உள்ளே தள்ளித்தான் கட்டினேன் என்று நினைத்தேன். மூன்று முடிச்சு. மிச்ச நுனியை உள்ளுக்குள் செருகினேன். “என்ரை பிள்ளையை ஒவ்வொரு நாளும் திரும்பக் கொண்டுவந்து விடு” என்று வண்டியிடமே சொன்னேன். அம்மனிடமா வண்டியிடமா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

அன்றிரவு நான் நல்ல நித்திரை. ஒரு மாதத்துக்குப் பிறகு.

6

புதன்கிழமை காலை எழும்பிப் பல்கனிக் கதவைத் திறந்தேன். முதல் நாள் துவாயைத் தோய்த்துக் கம்பியில் போட்டிருந்தேன். எங்கே போனாலும் தோய்த்ததை வெளியே காயப் போடுகிற பழக்கம் எனக்கு. எடுக்கப் போனால் துவாய் வளையவில்லை. தகரம். கம்பியில் எப்படித் தொங்கியதோ அதே மடிப்போடு கையில் வந்தது. சுவரில் சாத்தினேன், தானாக நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.  ஈரத் துவாய் இப்படியென்றால் ஈர நூல்?

சந்தனத் தண்ணீரில் தோய்த்த நூல். மூன்று சுற்று. மூன்று முடிச்சு. அந்தத் தகட்டுக்குப் பக்கத்தில்.

மணி ஏழு பத்து. கொட்டிலில் ஒரு எஞ்சின் சத்தம் எழும்பியது.

ரெலிபோன் அடித்தேன், எடுக்கவில்லை. குளியலறைச் செருப்போடு, காலுறையோடு, படியால் இறங்கி ஓடினேன். இரண்டு தரம் விழுந்தேன். ஒரு செருப்பு பனிக்குள் போய்விட்டது. எனக்கு முன்னால் எங்கள் ஊர் மதகு தெரிந்தது, உண்மையாகத்தான் சொல்கிறேன், அந்த வெள்ளைக்குள் அந்த மதகு. எஞ்சின் சத்தம் கூடியது. ஒரு வண்டி கொட்டிலைவிட்டு வெளியே பாய்ந்தது.

“நில்லு! நில்லு பிள்ளை! ஏறாதை! மதுரா!”

என் வாழ்க்கையில் நான் அப்படிக் கத்தியதில்லை. சறுக்குக் கட்டையோடு நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். பாய்ந்த வண்டி என்னைத் தாண்டிப் போனது. அதன் பக்கத்தில் இரண்டு என்று எழுதியிருந்தது. ஓட்டியது வேறொரு பெடியன்.

கொட்டிலுக்குள் நாலாம் இலக்கம் அப்படியே நின்றது. கைப்பிடியில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கியது, இதை ஓடக்கூடாது என்பதற்கு. கைப்பிடி உறையைக் கழற்றிக் கீழே போட்டிருந்தார்கள். மதுரா முழங்காலில் நின்றாள். அந்தச் சின்னத் தகடு அமர்ந்தபடியே, திரும்பி வராமல், மஞ்சள் ஐஸ் கட்டி ஒன்றில் சிக்கிக் கிடந்தது.

எஞ்சின் ஓடவில்லை. அவள் முதலில் தகட்டை அமத்தியிருக்கிறாள். டிக் என்று வரவில்லை. அவ்வளவுதான். அட்டையில் இருந்தபடி எஞ்சினைத் தொடாமல் விட்டுவிட்டாள்.



7

கிரெக் சிரிக்கவில்லை. ஆரோ வேண்டுமென்று வண்டியில் கைவைத்திருக்கிறார்கள், அறிவிக்க வேண்டும், கமராவைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது எனக்கே விளங்கியது. மதுரா ஐஸிலிருந்து நூலைப் பிரித்து எடுத்தாள். மணந்து பார்த்தாள். சந்தனம். தலையை உயர்த்தி என்னைப் பார்த்தாள்.

கிரெக்கிடம் ஒன்றும் சொல்லவில்லை. நூலைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்து, மெல்ல, “நீங்க உள்ள போங்கோ. ஒண்டும் கதைக்க வேண்டாம். நான் பாக்கிறன்” என்றாள்.

அவள் வேலை போகுமோ என்ற பயம். பொலிஸ் வருமோ என்ற பயம். இந்த நாட்டுப் பாஸ்போட் எடுத்துப் பதினாறு வருசம், இன்னும் சீருடை போட்ட ஆளைக் கண்டால் கைப்பைக்குள் அடையாள அட்டை தேடுகிற பயம். எல்லாம் ஒன்றாக வந்தது. உள்ளே போவது சுகம். நான் ஆயுள் முழுக்க உள்ளே போய்த்தான் பழக்கம்.

“சேர்” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி, “சேர். ஐ டை. மீ. நொட் ஹேர்.” கட்டியது நான், இவள் இல்லை என்று என் இங்கிலீசில்.

“அம்மா!”

“நொட் ஹேர். மை ரெம்பிள். சொறி.” மதுராவின் கையிலிருந்த கோயில் நூலைக் காட்டினேன்.

கிரெக் என்னைப் பார்த்தார். என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார், ஒரு போர்வை தந்தார். பிறகு ஒரு படிவமும் கொண்டுவந்தார். சம்பவம் நடந்தால் படிவம் நிரப்பியே ஆகவேண்டுமாம். மூன்று பக்கம்.

இந்தத் தரம் நான் கையெழுத்து எங்கே என்று கேட்கவில்லை. “எல்லாம் வாசி” என்றேன். மதுரா ஒவ்வொரு கேள்வியாக வாசித்துத் தமிழில் சொன்னாள், நான் சொன்னதை எழுதினாள். பெயர். வயது. என்ன பொருள். எத்தனை மணி. பிறகு பேனை நின்றது.

“ஏன் செய்தது எண்டு கேக்குது.”

“நீ திரும்பி வரோணும் எண்டு.”

“அப்பிடி எழுதேலாது, அம்மா.”

“வேறை காரணம் இல்லை.”

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு ஏதோ இரண்டு வரி எழுதினாள். என்ன எழுதினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கையெழுத்து வைத்த பிறகுதான் கோபம் வந்தது அவளுக்கு. “நான் செக் பண்ணாமல் ஏறியிருந்தால்? வேறை ஆரும் எடுத்திருந்தால்? உங்களுக்கு என்னில நம்பிக்கை இல்லை, என்ன?”

“உன்னை நம்பாமலில்லை. உந்த மெசினைத்தான் நம்பேல்லை.”

“மெசினை நம்பாமத்தானே நானும் ஒவ்வொரு தரமும் செக் பண்ணுறன்!”

அப்போதுதான் அண்ணாவின் கதையை முழுதாகச் சொன்னேன். துருப்பிடித்த வயர், வயல் ரோட்டு, ஆறு மணித்தியாலம். அவள் அழவில்லை. “மாமா ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று மட்டும் கேட்டாள். பிறகு, “எந்த வழியால போறன் எண்டும் சொல்லேல்லையோ?” என்றாள். இல்லை என்றேன்.

வண்டியைத் துடைத்து, காய வைத்து, கிரெக் மூன்று தரம் சோதித்தார். பிறகு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மதுரா என் பெருவிரலைப் பிடித்து அந்தத் தகட்டில் வைத்தாள். அமத்தினேன். விட்டேன். டிக். போதாது என்று இன்னொரு தரம் கேட்டேன். டிக்.

பயம் தெளியவில்லை. வீட்டில் இவர் சொன்னது பிழை. இப்போது என்னைப் பற்றியும் பயப்பட வேண்டியிருக்கிறது.

மறுநாள் வியாழக்கிழமை, மூடுபனி. மதுரா ஏழு மணிக்கு எனக்கு ரெலிபோன் எடுத்து, மேல் லிஃப்ற்றுக்கு மரக்காட்டு வழியால் போகிறேன், பன்னிரண்டரைக்குத் திரும்புவேன் என்றாள். நான் அதைத் திருப்பிச் சொன்னேன். பன்னிரண்டு நாற்பதுக்கு வந்தாள்.